பின்வீட்டு ரம்லா

"வீட்டை விக்க இது மூணாவது இன்ஸ்பெக்‌ஷன். இதுவும் ஊத்திக்கிச்சுன்னா ரெண்டு வீட்டுக் கடனையும் நாமதான் கட்டணும், விவேக்!"

பார்கவி கணவனிடம் புலம்பியதில் நியாயம் இருந்தது. இன்னொரு புறநகரான குவேக்கர்ஸ் ஹில்லில் புது வீடு வாங்கியாகிவிட்டது. டூங்கபியில் இந்தச் செங்கல் வீடுதான் விலைபோகமாட்டேன் என்கிறது. ஒரே கூரைக்குள் இரண்டு வீடு. முன்பக்கம் இவர்கள். பின்பக்கம் வாடகைக்கு ரம்லா, அவள் கணவன் நஜிமுதீன், ஒரு கைக்குழந்தை.

"இந்த ஏரியாவே மாறிடுச்சு. வீடு பார்க்க வர்றவங்க எல்லாம் நம்ம ஆளுங்க. பின்னாடி போனதும் முகம் மாறுது. ரம்லா தலையில முக்காடு, கதவு மேல அரபு எழுத்து..."

"அதுக்கு?" என்றான் விவேக்.

"கொஞ்ச நேரம் வெளிய இருக்கச் சொல்றேன்."

"எப்படிச் சொல்லுவ?"

"ஏஜென்ட் சொன்னார்னு சொல்லிக்கிறேன்."

ஏஜென்ட் பாவம், அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை மழை தூறிக்கொண்டிருந்தது. நஜிமுதீன் வேலைக்குப் போயிருந்தான். பார்கவி விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்ன அக்கா, நாங்க நடந்துட்டு வாறம்" என்று ரம்லா குழந்தைக்குக் குல்லா மாட்டினாள்.

"கதவு மேல இருக்கிற அந்தப் படத்தையும்..." பார்கவி இழுத்தாள்.

முடிப்பதற்குள் ரம்லா அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டாள்.

வந்தவர்களில் சச்சிதானந்தனும் கமலினியும்தான் நின்று நிதானமாகப் பார்த்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள், ஐம்பது தாண்டியவர்கள்.

"பின்னுக்கு ஆர் இருக்கினம்?" என்று கேட்டார் கமலினி.

"ஒரு சின்ன ஃபேமிலி ஆன்ட்டி. வெளிய போயிருக்காங்க."

"யோசிச்சுச் சொல்லுறம், பிள்ளை" என்று இருவரும் கிளம்பினார்கள். இதுவும் போச்சு என்று பார்கவி நினைத்தாள்.

ஆனால் சற்று நேரத்தில் கார் திரும்பி வந்தது.

"வீட்டை நாங்களே எடுக்கிறம். பின்னுக்கு இருக்கிறவையைக் குடியெழுப்ப மாட்டம், அவையே இருக்கட்டும்" என்றார் சச்சிதானந்தன்.

"அவங்களை நீங்க பார்க்கவே இல்லையே, அங்கிள்?"

"கண்டனாங்கள். மூலையில பஸ் ஸ்டாப்பில குழந்தையோட ஒரு பிள்ளை நிண்டது. இந்த வீட்டைப் பற்றிக் கேட்டால், தான்தான் பின்னுக்கு இருக்கிறன் எண்டுது."

துரத்திவிட்ட கதையை எல்லாம் ரம்லா சொல்லியிருப்பாள் என்று பார்கவிக்குத் தோன்றியது.

"என்ன... சொன்னா?"

கமலினி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைப் பற்றித்தான் சொன்னவ. 'அக்கா ஒரு நாளும் எங்களை வேற ஆக்களாப் பார்த்ததில்லை' எண்டு. இப்பிடி ஒற்றுமையா ரெண்டு குடும்பம் இருந்த வீட்டை விட்டிட்டுப் போக மனம் வரேல்லை, பிள்ளை."

பார்கவி வெட்கத்தில் தலைகுனிந்தாள். அடக்கம் என்று கமலினி நினைத்துக்கொண்டார்.

"மழைக்குள்ள ஏன் நிக்கிறீங்கள் எண்டும் கேட்டன். குழந்தைக்குப் பஸ் பார்க்க ஆசையாம், அதுதான் கூட்டிக்கொண்டு வந்தவவாம்" என்று கமலினி சிரித்தார்.

சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் பஸ்ஸே வராது என்பது பார்கவிக்குத் தெரியும்.