மூன்றாம் பக்கத்து ஓட்டை

"இன்னாசியைப் படிப்பகத்தை விட்டே நீக்கணும். எழுதிட்டேன். இந்த வாரமே போடு!"

தங்கப்பாண்டி நீட்டிய தாளை ரஷீது வாங்கினான். அந்த ராயபுரத்துப் படிப்பகத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவன்தான் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அதைப் படித்த பிறகுதான் எதையும் முடிவு செய்வார்கள். அதனாலோ என்னவோ, அச்சுப் பத்திரிகைக்குக்கூட இல்லாத கெடுபிடி!

சிவப்பு மையால் மூன்று வரிகளுக்குக் கீழே கோடு போட்டான்.

"'பேப்பரைக் கிழிப்பவர் இன்னாசி.' இது நடந்த சேதி, சாட்சி வோணும். 'இது அயோக்கியத்தனம்.' இது உன் அபிப்பிராயம், காரணம் வோணும். 'அவரை நீக்க வேண்டும்.' இது யோசனை. நீக்கினா இன்னா நல்லதுன்னு சொல்லு. மூணுக்கும் ஒரே பதிலு செல்லாது தோஸ்து."

"ராத்திரி கடைசியா போறது அவருதானே? காலையில பார்த்தா பேப்பர்ல ஓட்டை. ஷிப்ட் முடிஞ்சு வர்றவங்க எதைப் படிப்பாங்க? இது அயோக்கியத்தனம் இல்லாம என்ன?"

"கடைசியா போனா கிழிச்சதா ஆயிடுமா? சரி, இன்னாத்தைக் கிழிச்சுகினு போனாரு? பார்த்தியா?"

தங்கப்பாண்டி பார்க்கவில்லை. ஓட்டையைப் பார்த்துக் கோபம் வந்தவன், அங்கே என்ன இருந்தது என்று எங்கே பார்த்தான்?

இருவரும் பழைய பேப்பர் கட்டை அவிழ்த்தார்கள். எல்லா ஓட்டையும் மூன்றாம் பக்கத்தில். மேலே தலைப்பு மட்டும் மிச்சம்: 'ஆட்கள் தேவை.'

"சினிமாப் படத்தைக் கிழிச்சாலும் அர்த்தம் கீது. இது இன்னாத்துக்குப்பா?" ரஷீதுக்கு ஆவல் தாங்கவில்லை.

தங்கப்பாண்டி அந்தத் தலைப்பை மறுபடி படித்தான். சட்டைப் பையிலிருந்து கேட் பாஸை எடுத்தான். அதன் பின்னால் பேப்பரில் கிழித்த ஒரு வேலை விளம்பரத் துண்டு.

எட்டு மாதம் வேலையில்லாமல் கிடந்தபோது, அவன் வீட்டுக் கதவிடுக்கில் அது ஒருநாள் செருகிக் கிடந்தது. அதைப் பார்த்து ஓடிப்போய்த்தான் திருவொற்றியூர் தொழிற்சாலையில் சேர்ந்தான். சாமி அனுப்பிய துண்டு என்று பத்திரமாக வைத்திருந்தான்.

அந்தத் தேதிப் பேப்பரைத் தேடி, துண்டை ஓட்டையில் வைத்தான். அச்சாகப் பொருந்தியது.

"கிழிஞ்சது எங்க போச்சுன்னு தெரிஞ்சுது," என்றான் ரஷீது, விடாமல். "கிழிச்சது யாருன்னு இன்னும் சாட்சி இல்ல."

அப்போதுதான் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு இன்னாசி உள்ளே வந்தார். விரித்துக் கிடந்த பேப்பரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தப்புதான் நைனா. வேலை இல்லாதவன் வூட்டுக் கதவுல செருகிட்டு வருவேன். இங்க வந்துதான் எய்த்துக்கூட்டிப் படிக்கக் கத்துகினேன். எய்த வரல. அதான் கிழிச்சுட்டேன். என் பேரை எடுத்துடாதீங்க."

தங்கப்பாண்டி ரஷீதிடமிருந்து தன் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை கட்டுரையை அவனே படித்தான். முதல் வரி அப்படியே இருந்தது: பேப்பரைக் கிழிப்பவர் இன்னாசி. சாட்சி, என் கேட் பாஸ்.

இரண்டாவது வரியை அடித்திருந்தான்.

மூன்றாவது புதிது: வாசலில் ஒரு கரும்பலகை வேண்டும். வேலை விளம்பரங்களை இன்னாசி அண்ணன் படித்துச் சொல்லட்டும், நான் எழுதிப் போடுகிறேன்.