விதானையாரைக் கடலுக்குக் கொண்டுபோன நாள்

பரமலிங்கம் அன்றைக்குக் கடலுக்குப் போனது மீன் பிடிக்க அல்ல. ஐயாத்துரை விதானையாரைப் பிடித்து வைத்திருக்க.

உருத்திரபுரத்தில் அந்த வருடம் மார்கழி மழை பொய்த்துவிட்டது. குளத்துத் தண்ணீரை வயல்களுக்கு முறை வைத்து விட்டார்கள். பரமலிங்கத்தின் முறை வருமட்டும் பயிர் தாங்காது. கதிர் தள்ளும் நேரம். இப்போது தண்ணீர் இல்லையென்றால் மாட்டுக்கு வைக்கோல்தான் மிச்சம்.

வாய்க்காலுக்குக் காவல் ஐயாத்துரை விதானையார். பின்னேரங்களில் இருவரும் ஒன்றாக இருந்து கடதாசிச் சீட்டு விளையாடுகிறவர்கள். அந்த உரிமையில் பரமலிங்கம் வாய்விட்டுக் கேட்டும் பார்த்தான்.

“சிநேகிதம் வேறை, வாய்க்கால் வேறை, தம்பி. அங்கை பாரும், என்ரை வயலும் வாடித்தான் கிடக்கு. நான் தொட்டனானோ?”

உண்மைதான். வாய்க்காலின் இந்தக் கரையில் பரமலிங்கத்தின் வயல், எதிர்க்கரையில் விதானையாரின் வயல். இரண்டும் ஒரே மாதிரிக் காய்ந்து கிடந்தன. சொந்தப் பயிர் கருகினாலும் முறை தவறாத மனுசன் என்று ஊரெல்லாம் பெயர்.

அந்த நேர்மையான மனுசனை ஒரு பகல் ஊரைவிட்டுக் கிளப்பினால் போதும் என்று பரமலிங்கம் கணக்குப் போட்டான். மனைவி நாகேஸ்வரி மண்வெட்டியோடு போய், மருதமரத்தடியில் கரையை வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டு, பொழுது சாய முதல் மூடிவிடுவாள்.

“ஆரும் கண்டால்?” என்று கேட்டாள் அவள்.

“அந்த மூலைக்கு விதானையாரை விட்டால் ஆர் வாறது? அவர்தான் என்னோடை கடலிலை நிப்பாரே.”

மீன் பிடிக்கப் போவோமா என்று கேட்டதும் விதானையார் ஒரே சொல்லில் சம்மதித்தது பரமலிங்கத்துக்கே அதிசயமாக இருந்தது.

முல்லைத்தீவில் பாறூக், பரமலிங்கத்திடம் நெல் வாங்குகிற பழைய கூட்டாளி, சொந்த வள்ளத்தோடு கரையில் நின்றான். வானத்தைப் பார்த்தான். முகம் சுருங்கியது.

“இண்டைக்கு வேண்டாமடாப்பா. வாடைக்காத்து ஏறுது. மற்ற வள்ளமெல்லாம் கரையிலை கிடக்கிறதைப் பாத்தியோ?”

“கொஞ்ச நேரம்தானே, பாறூக்.”

“ஓமோம், கொஞ்ச நேரம்தானே,” என்றார் விதானையாரும். வள்ளம் தள்ளிவிட வந்தவர்களிடம், “நான் உருத்திரபுரத்து வாய்க்கால் விதானை ஐயாத்துரை. கடலுக்குப் போறன், கண்டுகொள்ளுங்கோ,” என்று கேளாமலே சொன்னார்.

நடுக்கடலில் மழை பிடித்தது. மேற்கே ஊர்ப்பக்கம் பளீரென்று வெயில் எறிக்க, இங்கே, கேட்பாரில்லாத கடலுக்குள் வானம் குடம் குடமாய்க் கவிழ்த்துக் கொட்டியது. காலையில் தின்ற பிட்டு முழுவதையும் பரமலிங்கம் மீனுக்குக் கொடுத்துவிட்டான். விதானையாரின் குடைச்சீலையைக் காற்றுக் கொண்டுபோய்விட்டது. அவர் கம்பியை மட்டும் தலைக்கு மேலே கௌரவமாகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

“திரும்புவம்!” என்று பாறூக் கத்தினான்.

“பொறு, மீன் கடிக்குது,” என்றான் பரமலிங்கம். ஒன்றும் கடிக்கவில்லை.

“என்ன அவசரம்?” என்றார் விதானையார்.

“யா அல்லாஹ்! உங்கள் ரெண்டு பேருக்கும் வீடு வாசல் இல்லையோ? உயிரிலை ஆசையில்லையோ?”

“இருக்கு, இருக்கு. பொழுதுபடட்டும்,” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வள்ளத்துக்குள் முழங்காலளவு தண்ணீர். வயலுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் தேடி வந்த பரமலிங்கம், சிரட்டையால் அள்ளி அள்ளிக் கடலுக்குத் தண்ணீர் இறைத்தான்.

எப்படியோ கரை சேர்ந்தார்கள். விதானையாரின் தூண்டிலில் அகப்பட்ட விளைமீன் ஒன்றுதான் மிச்சம். பஸ்ஸில் வரும்போது, வேட்டியைப் பிழிந்தபடி அவர் கேட்டார்:

“தம்பி, நாளைக்கு ஆரும் விசாரிச்சால், நான் விடியத் தொடக்கம் பொழுதுபடுமட்டும் உம்மோடைதான் நிண்டனான் எண்டு சொல்லுவீரோ?”

“கோயிலிலை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணுவன், விதானையார்!”

பரமலிங்கத்துக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. மனுசன் தானாகவே வந்து எனக்குச் சாட்சியாக நிற்கிறாரே!

வீட்டுப் படலையடியில் பிரியும்போது விதானையார் மீனை நீட்டினார். “இதை நாகேஸ்வரியிட்டைக் குடும். பாவம், களைச்சிருப்பா.”

இவருக்கு எப்படித் தெரியும் என்று பரமலிங்கம் ஒருகணம் யோசித்தான். பிறகு, பெரிய மனுசரின் உபசாரக் கதைதானே என்று விட்டுவிட்டான்.

குசினி வாசலில் நாகேஸ்வரி, கொப்புளித்த உள்ளங்கைகளுக்குத் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டிருந்தாள்.

“தண்ணி பாய்ஞ்சுதோ?”

“பாய்ஞ்சுது. வரம்பு முட்டப் பாய்ஞ்சுது.”

“அப்பாடா!”

“விதானையார்ரை வயலுக்கு.”

மீன் கையிலிருந்து நழுவி விழுந்தது.

“நான் போகேக்கை அவர்ரை மனுசி, ஜெகதீஸ்வரி அக்கா, வாய்க்கால் கரையிலை கதிரை போட்டு இருக்கிறா. ‘வாரும் நாகேஸ்வரி, இதிலை வெட்டும்’ எண்டு தங்கடை பக்கத்தைக் காட்டினா.”

“காட்டினால் நீ வெட்டுறதோ?”

“கையிலை மண்வெட்டியோடை நிக்கிறன். பூப்பறிக்க வந்தனான் எண்டு சொல்லட்டோ?”

“விடியட்டும், ஊரைக் கூட்டிக் கேக்கிறன்!”

“கேளுங்கோ. தண்ணி களவு போகேக்கை விதானையார் எங்கை நிண்டவர் எண்டு ஊர் கேட்டால் என்ன சொல்லுவியள்?”

பரமலிங்கம் வாயைத் திறந்தான். கற்பூரம் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டான்.

நாகேஸ்வரி விழுந்த மீனை எடுத்து மண்ணைத் தட்டினாள்.

“‘கூலிக்கு ஆள் தேடாதை, நாகேஸ்வரி மண்வெட்டியோடை வருவா’ எண்டு, விடியப் போகேக்கையே விதானையார் சொல்லிப்போட்டுத்தான் போனவராம்.”