பத்து விரல்

"ஏட்டி சுகந்தி, ரேகை தெரியுதான்னு பாரு."

முகம் கழுவிய ஈரம் காயாமல் ராஜகனி வாசலில் வந்து நின்றாள். பத்து விரல்களையும் வெளிச்சத்தில் விரித்து நீட்டினாள். ஒரு மாதமாகத் தினமும் இதுதான்.

சுகந்தி மடியிலிருந்த பீடிச் சுளகை இறக்கி வைத்துவிட்டு, விரல் விரலாகப் பிடித்துப் பார்த்தாள். "தெரியுது சித்தி. பெருவிரல்ல கோடு கோடா தெரியுது. இந்தத் தடவ மெஷின்ல விழுந்துரும்."

"நெசமாவா?"

"பொய்யா சொல்லுதேன்? விசா வந்தாச்சுன்னு வச்சுக்கிடுங்க."

ராஜகனி விரல்களை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, அடுத்திருந்த தன் வீட்டுக்குள் போனாள்.

நாற்பது வருடம் பீடி சுற்றிய விரல்கள். இலையை உருட்டி உருட்டி நுனியெல்லாம் கூழாங்கல் போல வழவழத்துவிட்டது. விசாவுக்குக் கைரேகை வைக்க இரண்டு முறை சென்னைக்குப் போயும் மெஷினில் ஒன்றும் பதியவில்லை. பீடி சுற்றுவதை நிறுத்தினால் ரேகை திரும்பி வரும் என்று டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார்.

மகன் பெஞ்சமின் அன்றைக்கே அம்மாவின் சுளகையும் கத்திரியையும் தூக்கிக்கொண்டு வந்து சுகந்தியிடம் ஒப்படைத்தான். அவன் மனைவி கிறிஸ்டியும் இரண்டு வயது மகளும் கனடாவில் இருந்தார்கள். அம்மாவையும் கூட்டிப் போகத்தான் லீவு போட்டு அச்சன்புதூருக்கு வந்திருந்தான்.

"கேட்டா குடுத்துராதீங்கக்கா. அப்பா போய் ஒரு வருஷம் ஆச்சு. அம்மாவ இங்கன தனியா விட்டுட்டுப் போனா எனக்குச் சோறு எறங்காது."

ராஜகனி கேட்கவே இல்லை. பாத்திரம் விளக்க ஆள் வைத்தபோதும் மறுக்கவில்லை. தென்காசிக்குப் போய்த் தனக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அங்கன ரோடெல்லாம் ஐஸாம் சுகந்தி. நான் வழுக்கி விழுந்தா எம்பேத்தி கைதட்டிச் சிரிப்பா."

ஆனாலும் ஒரு வாரம் தெரிந்த ரேகை மறுவாரம் மங்கிப் போனது. வயசு அப்படி என்று பெஞ்சமின் தன்னையே தேற்றிக்கொண்டான். களிம்பை இரண்டு வேளைக்கு நான்கு வேளையாகத் தடவிவிட்டான்.

இன்று சாயங்காலம் சென்னைக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ். நாளைக் காலை மூன்றாவது தடவை. ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு விமானம். இதிலும் ரேகை விழாவிட்டால் அவன் மட்டும்தான் போக வேண்டும்.

"போறதுக்கு முன்னால ஒரு தடவ அருவில குளிச்சுக்கிடுதேம்லே," என்றாள் ராஜகனி. பெஞ்சமின் உடனே காரை எடுத்தான். துணைக்குச் சுகந்தியும் ஏறிக்கொண்டாள்.

குற்றாலத்தில் சாரல் பிடித்திருந்தது. பெண்கள் குளிக்கும் பக்கம் பிரியும் இடத்தில் பெஞ்சமின் நின்றான். "அம்மா, கம்பிய இறுக்கிப் புடிக்காத. விரலு பத்திரம். அக்கா, நீங்கதான் பாத்துக்கிடணும்."

"ஒங்கம்மைக்கு விரலு என்ன தங்கத்துலயா செஞ்சிருக்கு? நான் பாத்துக்கிடுதேன், நீ போ."

கூட்டத்தில் இரண்டு நிமிடம் தலையைக் கொடுத்துவிட்டுச் சுகந்தி திரும்பிப் பார்த்தபோது ராஜகனியைக் காணவில்லை. அருவியை விட்டுத் தள்ளி, பாறையோரமாக முதுகு காட்டிக் குந்தியிருந்தாள். வழுக்கி விழுந்துவிட்டாள் என்று பதறிக்கொண்டு சுகந்தி ஓடினாள்.

ராஜகனி விழவில்லை. பாறையின் சொரசொரப்பான விளிம்பில் விரல் நுனிகளை வைத்து மாறி மாறித் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெருவிரலில் ரத்தம் கசிந்து தண்ணீரோடு போனது.

சுகந்தி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "என்ன சித்தி செய்யுதிய? காலைலதான நல்லா தெரிஞ்சுது."

"நல்லா தெரியுதுன்னு நீ சொன்னதாலதான்."

அருவிச் சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிட்டதோ என்று சுகந்தி குனிந்தாள். "ஒங்களுக்குப் போவ ஆச இல்லியா?"

"ஆச இல்லாமயா ஸ்வெட்டர் எடுத்தேன்? எம்பேத்திய இன்னும் போன்லதான பாத்துருக்கேன்." ராஜகனி மூக்கை உறிஞ்சினாள். "ஸ்வெட்டர் எடுத்துட்டு வந்த அன்னைக்கு இவன் மாடில நின்னு, போன ஸ்பீக்கர்ல போட்டுக் கிறிஸ்டிகிட்டப் பேசிக்கிட்டு இருந்தான். ஒங்கம்மா வந்தா நான் பிள்ளையத் தூக்கிட்டுத் தனியாப் போயிருவேன்னுட்டா அவ. அம்மாவ விட முடியாதுன்னுட்டான் இவன். அப்புறம் அங்கனயே குத்தவச்சு அழுதான். நான் கேட்டது அவனுக்குத் தெரியாது."

"அப்ப, நான் வரலன்னு நீங்களே அவன்ட்ட சொல்லிர வேண்டியதுதான?"

"சொன்னா, அவ பேசுனதக் கேட்டுட்டேன்னு கண்டுபுடிச்சிருவான். ஆயுசுக்கும் அவளச் சும்மா விட மாட்டான்."

சுகந்தியின் பிடி தளர்ந்தது. வெளியே பெஞ்சமின் அம்மாவுக்காகத் துண்டும் களிம்புமாகக் காத்து நின்றான்.

ராஜகனி மறுபடியும் விரலைப் பாறையில் வைத்தாள்.

"இப்ப வெரலத்தான திட்டுவான். அவளத் திட்ட மாட்டாம்லா."