நகர்த்தாத ராஜா

எருமப்பட்டியில் எல்லைக்கல்லைப் பிடுங்கி, குழந்தைவேலின் தோட்டத்துக்குள் எட்டடி தள்ளி நட்டவர் சுப்பையன். தன்னைச் சதுரங்கத்தில் ஜெயித்தால் பழைய இடத்திலேயே நட்டுவிடுவதாகவும் சொன்னார். ஆட்டத்தின் கடைசியில் சுப்பையனின் தனி ராஜாவுக்கு முன்னால் குழந்தைவேலின் சிப்பாய் நின்றது. அதற்குக் குழந்தைவேலின் ராஜா காவல், வெட்ட முடியாது. அடுத்து நகர்த்த வேண்டியவர் சுப்பையன்; விலகினால் சிப்பாய் ராணியாகிவிடும்.

“யோசிச்சு நாளைக்கு நவுத்தறனுங்க” என்று எழுந்த சுப்பையன், பிறகு பலகைப் பக்கமே போகவில்லை. காத்திருந்தே குழந்தைவேல் செத்துப்போனார்.

கருமாதிக்கு மறுநாள் கல் பழைய இடத்தை நோக்கி ஓரடி நகர்ந்திருந்தது. சுப்பையன் அதைக் கிணற்றில் தள்ளினார். மறுநாள் ஈரம் சொட்டச் சொட்ட, பழைய இடத்தையும் தாண்டி நின்றது.

இன்று காலை கதவைத் திறந்தார். வாசற்படியை ஒட்டிக் கல் நின்றது. அதன் பின்னாலிருந்து குழந்தைவேல் மரியாதையாகவே சொன்னார்:

“இப்ப நீங்கதானுங்க நவுரோணும்.”