நாற்பத்தொன்றாம் ஆணி

"நீ முன்னாடி போ. என்னோடதையும் சேர்த்து மாட்டிடு, பின்னாடியே வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டு, புது மாப்பிள்ளை தன் கழுத்தில் கிடந்த எண் போட்ட பித்தளை வில்லையைக் கழற்றி மனைவியின் கையில் வைத்தான்.

பின்னால் நின்ற தையல்கார அக்கா அதைப் பார்த்துவிட்டாள்.

இடம், மலைமேல் இடிந்து கிடக்கும் சுண்ணாம்புக் காளவாய். வருஷத்துக்கு ஒரு நாள் ஊரே மலையேறிப் புதையல் தேடும் நடையில் இதுதான் கடைசி நிறுத்தம். எல்லைக்கல், வெள்ளம் ஏறி நின்ற கோடு போட்ட பாலத்தூண், ஊற்று, பிளந்த பாறை என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் அடுத்த இடத்துக்கான துப்பு. புதையல் என்னவோ ஒரு செம்புக் கோப்பைதான். ஆனால் அவனவன் அடித்துக்கொள்வதைப் பார்த்தால், அதற்குள் ஒரு ராஜ்யத்தையே ஒளித்து வைத்திருக்கிறார்களோ என்று தோன்றும்.

மாப்பிள்ளைக்குப் பிளந்த பாறையில் எதையோ கோட்டை விட்டுவிட்ட சந்தேகம். திரும்பிப் போய்ப் பார்த்தே ஆகவேண்டும். மனைவிக்கோ செருப்பு கடித்துக் குதிகாலில் கொப்புளம்.

அக்காதான் நடையில் கடைசி ஆள். எல்லாருக்கும் பின்னால் வந்து, ஒருவரையும் விட்டுவிடாமல் இறக்கிக் கூட்டிப் போவது அவள் பொறுப்பு.

அவள் அந்தப் பெண்ணின் கையிலிருந்து வில்லையை வாங்கினாள். மாப்பிள்ளையின் சட்டைப் பையில் போட்டாள். தன் பையிலிருந்து ஊசி நூலை எடுத்து, அவன் நெஞ்சுக்கு நேரே நின்று, பையின் வாயை நெருக்கித் தைத்துவிட்டாள்.

"கீழ போய் நீங்களே பிரிச்சு எடுத்து, நீங்களே மாட்டணும் தம்பி."

மாப்பிள்ளை சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. யாரையும் தம்பி என்று கூப்பிட்டு ஏழு வருஷம் ஆகிறது அவளுக்கு.

அவனோடு பாறை வரைக்கும் போனாள். அவன் பிளவுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும்வரை அவன் சட்டையின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவளுடைய தம்பி கடிகாரம் ரிப்பேர் செய்கிறவன். கல்யாணம் ஆகவில்லை, கடைக்குப் பின்னாலேயே ஒரு அறையில் குடியிருந்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் இதே நடையில் அந்தப் பிளவுக்குள் விழுந்தான். அன்றைக்கு ஒருவரும் தேடவில்லை. மறுநாள் மத்தியானம் கடை திறக்கவில்லையே என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்ன பிறகுதான் ஆள் அனுப்பினார்கள். விடியற்காலை வரை உயிர் இருந்திருக்கும் என்றார் டாக்டர். அந்த வார்த்தை அவளை இன்னும் தூங்கவிடவில்லை.

தேடாததற்குக் காரணம் வில்லைதான். காலையில் அடிவாரத்துப் பலகையிலிருந்து ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். இறங்கியதும் அவரவர் எண்ணுள்ள ஆணியில் மாட்டவேண்டும். எல்லா ஆணியும் நிறைந்தால் எல்லாரும் வந்தாயிற்று என்று கணக்கு. அன்றைக்கு எல்லா ஆணியும் நிறைந்திருந்தது, தம்பியின் நாற்பத்தொன்று உட்பட.

பழி பலகையைப் பார்த்துக்கொண்ட தபால்காரர் தலையில் விழுந்தது. காலையில் அவனுக்குக் கொடுக்க மறந்து ஆணியிலேயே விட்டிருப்பேன் என்று அவரே ஒத்துக்கொண்டார். நாற்பது வருஷம் ஒரு கடிதத்தைக்கூட மாற்றிக் கொடுக்காத மனிதர். அன்றிலிருந்து அவர் வில்லை கொடுத்து முடித்ததும் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர் வந்து, ஒவ்வொருவர் கழுத்தையும் தொட்டு மறுபடி எண்ணுவார். இன்று காலையிலும், இந்தப் பெரியவர் யாரையாவது வெறும் கழுத்தோடு அனுப்பிவிடப் போகிறார் என்று வாத்தியார் கிண்டலடிக்க, கூட்டம் சிரித்தது. தபால்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆணிகளைத் துடைத்தார்.

அக்கா இறங்கி வந்தபோது கோப்பையை யாரோ ஜெயித்து, கூட்டம் கலைந்திருந்தது. பலகையருகே தபால்காரரும் மாப்பிள்ளையின் மனைவியும் மட்டும். மாப்பிள்ளை பல்லால் நூலைக் கடித்துப் பிரித்து, வில்லையை மாட்டிவிட்டு, நொண்டிக்கொண்டிருந்த மனைவியைத் தாங்கிப் போனான்.

இன்னும் ஒரே ஒரு ஆணிதான் காலி. அக்கா தன் கழுத்திலிருந்ததைக் கழற்றினாள். நாற்பத்தொன்று. ஒவ்வொரு வருஷமும் கேட்காமலே அதைத்தான் அவளுக்கு எடுத்துக் கொடுப்பார் அவர்.

மாட்டினாள். கையை எடுக்கவில்லை.

"சார், அன்னைக்கு இதை மாட்டினது நான்தான். பின்னாடியே வர்றேன்னு கொடுத்தான், மாட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்."

ஏழு வருஷம் சொல்லாமல் வைத்திருந்தது இவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டு, அவர் திட்டுவதற்காகக் காத்திருந்தாள்.

"தெரியும்மா" என்றார் தபால்காரர். "உங்க கையில ரெண்டு வில்லை இருந்ததை நான் பார்த்தேன். தம்பி எங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கடைசி பஸ் போயிடும்னு கேக்கல."

அவள் கண்ணைத் திறந்தாள்.

"மறந்துட்டேன்னு சொல்றது சுலபமா இருந்துச்சு. பார்த்துட்டு சும்மா இருந்தேன்னு சொல்ல வாய் வரல."

அவர் பலகையைக் கீழே இறக்கப் பார்த்தார். அது ஒருபக்கம் சாய்ந்தது. மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.