பன்றி ஓட்டும் பாட்டு

"இதுக்கு ஓடாது பாய்" என்று மாணிக்கம்மாள் இயர்போனைக் கழற்றிக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள்.

இல்யாஸின் முகம் தொங்கிப்போயிற்று. நார்வேயில் நான்கு பேர் தொண்டை கிழியக் கத்தி, கித்தாரைப் போட்டு ரம்பமாய் அறுத்து எடுத்த ஆல்பம் அது. அதற்கே ஓடாத பன்றி உலகத்தில் உண்டா என்ன.

"கத்தறாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா எப்ப கத்துவாங்கன்னு மின்னாடியே தெரிஞ்சிடுது. பன்னிக்கும் தெரிஞ்சிடும்ல?"

அந்த ஆல்பத்தில் இல்யாஸுக்கும் அதே குறைதான்.

மலைமேல், ஜமுனாமரத்தூரில் பஸ் நிற்கிற இடத்தை ஒட்டி செல்போன் கடை வைத்திருப்பவன் இல்யாஸ். சொந்த ஊர் மலைக்குக் கீழே வாணியம்பாடி. ரீசார்ஜ் செய்வதும், மெமரி கார்டில் பாட்டு ஏற்றித் தருவதும் பிழைப்பு. கேட்கிறவர்களுக்குச் சினிமாப் பாட்டும் சாமி பாட்டும் ஏற்றுவான்.

தனக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டர் ஒதுக்கியிருந்தான். பங்க், நாய்ஸ் ராக், இடி இடிக்கிற ஹெவி மெட்டல். பெயர் தெரியாத ஊர்களில் பெயர் தெரியாத பேண்டுகள் போட்ட ஆல்பங்களைத் தேடித் தேடிச் சேர்த்தது.

வீட்டில் அதைப் போட்டால் அவன் மனைவி லுப்னா மிக்ஸியை ஓடவிடுவாள். மிக்ஸி தேவலையாம்.

மலைமேலும் சரி, மலைக்குக் கீழும் சரி, கூட உட்கார்ந்து கேட்க ஒரு ஜீவன் கிடையாது. எல்லாம் இருந்தும் இந்த ஒரு குறை அவனுக்கு இருந்தது.

அப்படிப்பட்டவனிடம்தான் ஒரு சந்தை நாளில் மாணிக்கம்மாள் வந்து நின்று, இருக்கிறதிலேயே காது கொடுத்துக் கேட்க முடியாத பாட்டாக வேண்டும் என்றாள்.

சாமைக் கொல்லையில் காட்டுப்பன்றித் தொல்லை. காவல் பரணில் ஸ்பீக்கர் கட்டியிருந்தாள். சினிமாப் பாட்டுக்குப் பன்றிகள் பழகிப்போய், கேட்டுக்கொண்டே மேய்ந்தனவாம்.

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. இல்யாஸ் ஏற்றிக் கொடுத்த முதல் ஆல்பத்துக்கே பன்றிகள் பிய்த்துக்கொண்டு ஓடின.

அன்றிலிருந்து சந்தைக்குச் சந்தை வருகிறாள். ஒரே பாட்டைப் போட்டால் பன்றி பழகிவிடும், புதுசாகக் கொடு என்பாள். ஏற்றுவதற்கு முன்னால் தானே கேட்டுப் பார்ப்பாள். பேண்டு பெயரெல்லாம் அவள் வாயில் நுழையாது. தகரம் தட்டறவங்க, பல்லு கடிக்கிறவன், கோவக்காரப் பொண்ணுங்க என்று அவளாகப் பெயர் வைத்துக்கொண்டாள்.

ஒருமுறை, அந்தப் பல்லு கடிக்கிறவன் வேறு ஏதாவது போட்டிருக்கிறானா என்று கேட்டாள். இல்யாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

ஆனாலும் எல்லாம் பன்றிக்காகத்தானே. அது அவனுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. உங்களுக்குப் பிடித்திருக்கிறதா அக்கா என்று கேட்க வாய்வரை வரும். எனக்கெதுக்கு பாய், பன்னிக்குத்தானே என்று சொல்லிவிட்டால்? அப்படியே விழுங்கிவிடுவான்.

அதனால்தான் அந்த ஒரு ஆல்பத்தை மட்டும் அவளுக்குக் காட்டவில்லை. அவன் உயிரே அதில்தான் இருந்தது. ஆல்பம் முழுக்க ஒரே பாட்டு. பேஸ் கித்தார் ஆமை நடையில் உறுமிக்கொண்டே போகும். பாதிக்குமேல்தான் மலை சரிந்த மாதிரி டிரம் வந்து விழும். அதற்குள் பன்றி சாமையைத் தின்று ஏப்பமும் விட்டிருக்கும்.

இப்போது மெக்சிகோ ஆல்பம் ஒன்றை எடுத்துப் போட்டான். மாணிக்கம்மாள் கண்ணை மூடிக் கேட்டாள். சந்தைக்குப் புளி கொண்டுவந்திருந்தாள். புளி ஒட்டிய விரல்கள் கண்ணாடிமேல் தாளம் போட்டன. இல்யாஸ் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றான்.

"இது ஓடும். ஏத்து."

கார்டை வாங்கிக்கொண்டு, காலிக் கூடையோடு ஜீப்பை நோக்கிப் போய்விட்டாள்.

அவள் ஊர்க்காரர் கோபால்சாமி, ஜீப் ஓட்டுகிறவர், ரீசார்ஜுக்காகக் கடையில் நின்றிருந்தார். பன்றித் தொல்லை இன்னும் குறையவில்லையா அண்ணே என்று இல்யாஸ் கேட்டான்.

கோபால்சாமி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்தப் பன்னி? சாமைய அறுத்து, பொங்கலுக்கே பொங்கித் தின்னாச்சி. கொல்ல மொட்டையா கெடக்குது. அங்க பன்னிக்கு இன்னா வேல?"

சொல்லிவிட்டு வண்டியை எடுக்கப் போனார்.

மலையில் சாமை எப்போது விதைப்பார்கள், எப்போது அறுப்பார்கள் என்று வாணியம்பாடிக்காரனுக்கு எங்கே தெரியும். இல்யாஸ் கம்ப்யூட்டரிடம் பாய்ந்தான்.

ஹாரன் அடித்து ஜீப் நகரும்போது, அந்த ஒரே பாட்டு ஆல்பம் ஏற்றிய மெமரி கார்டோடு மூச்சிரைக்க ஓடி வந்து நின்றான். மாணிக்கம்மாளிடம் நீட்டினான்.

ஜீப்புக்குள் அவள் ஊர்ச் சனம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. எல்லோரும் இவர்களைத்தான் பார்த்தார்கள். அவள் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு ஓடுமா பாய்?"

"ஒரு பன்னி நிக்காதுக்கா" என்று கூசாமல் புளுகினான் இல்யாஸ்.

மாணிக்கம்மாள் கார்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஓடுதா இல்லியான்னு நீயே ஒரு சாயந்திரம் வந்து பாரேன். லுப்னாவையும் கூட்டிக்கினு வா. பரண்ல எடம் கெடக்குது."