பின்சுவரில் ஒரு கதவு

கொல்லைப்புறத்துப் பழைய கொட்டகையைத் தோட்ட வேலைக்கான அறையாக மாற்றும் பணி முடிவடையும் தறுவாயில் இருந்தது.

"பின்சுவர்லயும் ஒரு கதவு வையுங்கண்ணே," என்றாள் வீட்டுக்காரி, உறுதியான குரலில்.

தச்சர் தயங்கினார். "பின்னால உங்க மூத்தார் தோட்டமாச்சேம்மா. அண்ணனும் தம்பியும் முகங்கொடுத்துப் பேசி நாலு வருஷமாச்சு. உங்க வீட்டுக்காரர் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவார்."

"அவரை நான் பார்த்துக்கறேன். சண்டை அவங்க ரெண்டு பேருக்குத்தானே? ஓரகத்திங்க நாங்க சேர்ந்து செடி வைக்கக் கூடாதா? அக்கா வந்தா வரட்டும், வராட்டி கதவு சும்மா கிடக்கட்டும். அளவெடுங்க."

தச்சர் அளவுநாடாவைச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அளவெதுக்கும்மா? கதவு பட்டறையில தயாரா இருக்கு. உங்க அக்கா போன வாரமே செய்யச் சொல்லிட்டாங்க. நீங்களா கேட்டா மட்டும் மாட்டணுமாம்."